கிண்ணம் புனிதம், செய்த கை தீட்டா?

ஸ்பெயின் நாட்டுத் தொலேதோ பேராலயத்தில் இரண்டரை மீட்டர் உயரமுள்ள ஒரு வெள்ளிக் கோபுரம் இருக்கிறது. நற்கருணைப் பெருவிழாவன்று அதைத் தெருவில் பவனியாகக் கொண்டுவருகிறார்கள். சுமார் 180 கிலோ வெள்ளி, 18 கிலோ பொன், 260 சிறு சிலைகள், ஆயிரக்கணக்கான திருகாணிகள். 1510களில் தொடங்கி 1520களில் முடித்தவர் என்ரிக்கே தே ஆர்ஃபே, ஜெர்மானிய நாட்டிலிருந்து வந்து குடியேறிய தட்டார். செய்யச் சொன்னவர் கர்தினால் சிஸ்னேரோஸ். கோபுரத்தின் நடுவில் நிற்கும் பொன் கதிர்ப்பாத்திரம் அரசி இசபெல்லாவுடையது. பார்சிலோனா தட்டார் ஜாவ்மே ஐமெரிக் செய்தது. அரசி இறந்தபின் அவர் உடைமைகள் ஏலத்துக்கு வந்தபோது சிஸ்னேரோஸ் அதை வாங்கினார்.

வேலை பிரமாதம். அதை மறுக்க நமக்கு எந்த அவசியமும் இல்லை. ஆனால் இந்த இரண்டு புரவலர்களையும் நாம் வேறு இடத்தில் சந்தித்திருக்கிறோம். 1492இல் யூதர்களை நாட்டைவிட்டே விரட்டிய ஆணையில் கணவர் பெர்னாண்டோவுடன் கையெழுத்திட்டவர் இசபெல்லா. கிரனாதாவில் முஸ்லிம்களைக் கட்டாய மதமாற்றம் செய்து, அரபு நூல்களைத் தெருவில் குவித்துக் கொளுத்தியவர் சிஸ்னேரோஸ்.

இனி செய்தவர்கள் பக்கம் வருவோம். அன்றைய ஒப்பந்தங்களில் வெள்ளிக்கு எடை போட்டு ஒரு விலை, செய்கூலிக்கு வேறு விலை. நம் ஊர் நகைக்கடைக் கணக்குதான். பெயர் பதிந்தவர்களும் உண்டு. ஜிரோனா பேராலயத்தின் 14ஆம் நூற்றாண்டு வெள்ளிப் பீடப் பலகையில், அரசரின் தட்டாரான பெரே பெர்னெஸ் தான் செய்ததாகப் பொறித்தே வைத்திருக்கிறார். அவருக்கு அது முடிந்தது. பட்டறையில் உலை ஊதியவனுக்கும் தகடு அடித்தவனுக்கும் அந்த வாய்ப்பு இல்லை.

முழுதாக அழிக்கப்பட்ட இன்னொரு கூட்டமும் உண்டு. அரகோன் அரசின் ஊர்களில் யூதத் தட்டார்கள் நிறையப் பேர். தேவாலயத்துக்கான பாத்திரங்களையும் அவர்கள் செய்தார்கள். இது எப்படித் தெரிகிறது? தடையிலிருந்து தெரிகிறது. 1415இல் பதின்மூன்றாம் பெனடிக்ட் (அவரும் அரகோன்காரர்தான், ரோமாபுரி பின்னாளில் அவரைப் பாப்பரசராக ஏற்கவில்லை) ஒரு ஆணை போட்டார். பாடுபட்ட சுரூபம், திருக்கிண்ணம், வழிபாட்டுப் பாத்திரம் எதையும் யூதர் செய்யக்கூடாது, பழுது பார்க்கக்கூடாது, வைத்திருக்கவும் கூடாது. யாரும் செய்யாத வேலைக்கு யாரும் தடை போடுவதில்லை. மாணவத் தோழர்கள் இதைக் குறித்துக்கொள்ள வேண்டும்: ஒடுக்கப்பட்டவர்கள் எழுதிவைத்த ஆவணம் கிடைக்காத இடத்தில், ஒடுக்கியவன் போட்ட சட்டமே சாட்சி சொல்லும்.

அதற்கு மூன்றாண்டு முன்பே, 1412இல், காஸ்தீலிய அரசின் சட்டம் யூதர்கள் தனித் தெருவில்தான் குடியிருக்க வேண்டும், மரியாதைப் பட்டமான 'தோன்' போட்டு அழைக்கப்படக்கூடாது, விலையுயர்ந்த துணி உடுத்தக்கூடாது என்று சொன்னது. பல கைத்தொழில்களும் அவர்களுக்கு மூடப்பட்டன. தெரு, பெயர், உடை, தொழில். இந்த வரிசையை உங்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை.

ஆனால் அவசரப்பட்டு இரண்டையும் ஒன்றாக்கிவிடவும் வேண்டாம். அங்கே அரச கஜானாவை நடத்திய யூதப் பெருந்தனக்காரர்களும் இருந்தார்கள். சட்டங்களும் ஒரே சீராக நிற்கவில்லை. 1415 ஆணை சில ஆண்டுகளிலேயே தளர்ந்துபோனது. 1460களில் இளவரசர் பெர்னாண்டோவுக்கு வெள்ளி வேலை செய்தவர் விடால் அஸ்தோரி என்ற யூதர். அதே பெர்னாண்டோதான் 1492 ஆணையிலும் கையெழுத்திட்டார்.

மதம் மாறினால் தப்பிக்கலாமே என்றால், அதற்கும் வழி அடைத்தார்கள். 1449இல் தொலேதோ நகரம், மதம் மாறிய யூத வம்சத்தார் நகரப் பதவிகளில் இருக்கக்கூடாது என்றது. 'இரத்தத் தூய்மை' என்று அதற்குப் பெயர். 1547இல் அதே ஊர்ப் பேராலயமும், ஆர்ஃபேயின் கோபுரம் நிற்கும் அதே இடம், தன் பதவிகளுக்கு அந்த விதியை வைத்தது. ஞானஸ்நானம் பாவத்தைக் கழுவும், பிறப்பைக் கழுவாது! குலம், வம்சம் என்பதற்கு ஐபீரிய மொழிகளில் 'காஸ்தா' என்ற சொல் உண்டு. போர்ச்சுகீசியர் அதைக் கப்பலில் கொண்டுவந்து நம் சாதிக்குச் சூட்டினார்கள். ஆங்கிலத்தில் அது 'காஸ்ட்' ஆனது.

1492 ஆணையில் ஒரு நிபந்தனை இருந்தது. போகிறவர்கள் பொன்னையும் வெள்ளியையும் நாணயத்தையும் எடுத்துச் செல்லக்கூடாது. வெள்ளியை அடித்தே பிழைத்த குடும்பங்களுக்கு இது என்ன அர்த்தம் என்று எண்ணிப் பாருங்கள். அரகோன் அரசரின் ஆட்சியில் இருந்த சிசிலித் தீவிலும் யூதர்கள் வெளியேற்றப்பட்டார்கள்.

அத்தீவின் கம்மராத்தா ஊர் யூதத் தொழுகைக்கூடத்தில், தோரா சுருளின் தண்டுகள்மேல் செருகும் இரண்டு வெள்ளிச் சிகரங்கள் இருந்தன. லாட வளைவுச் சன்னல்கள் வைத்த குட்டிக் கோபுரங்கள் அவை. கூடம் காலியானபின் கைமாறி மயோர்க்கா தீவின் பால்மா பேராலயத்துக்கு வந்தன. அங்கே பவனித் தடிகளின் உச்சியில் செருகப்பட்டு, திருச்சபையின் வெள்ளியாக ஊர்வலம் போயின. இன்றும் அந்தப் பேராலயக் கருவூலத்தில்தான் இருக்கின்றன. கம்மராத்தா தொழுகைக்கூடத்துக்கு உரியவை என்று சொல்லும் எபிரேய எழுத்துகளை யாரும் அழிக்கவில்லை.