ஒட்டியதாக நம்பப்பட்ட கூரை

செருப்பின் அடி கழன்றால் பசை வாங்கி ஒட்டிப் பார்க்காத ஆள் எங்களில் இருக்க முடியாது. மண்ணைத் துடைக்காமல் ஒட்டினாலும் அன்றைக்கு நல்லாத்தான் பிடித்திருக்கும். ஒரு கிழமை போனால்தான் குட்டு வெளிப்படும். இதே விசயம் ஒரு விமானத்தின் கூரையில் நடந்தால்?

உலோகத்தைப் பசையால் ஒட்டுவது புதுசு இல்லை. 1940களின் தொடக்கத்திலேயே இங்கிலாந்தின் டக்ஸ்ஃபர்டில் நோர்மன் டி புருய்ன் 'ரெடக்ஸ்' என்ற பசையை உருவாக்கி, விமானக் கட்டுமானத்துக்குள் கொண்டுவந்துவிட்டார். ஆணி அடித்தால் சுமை துளைகளைச் சுற்றிக் குவியும். பசையோ அதை இணைப்பின் முழுப் பரப்புக்கும் பகிர்ந்து கொடுக்கும்.

போயிங் 737இன் ஆரம்பகால விமானங்களும் இதை நம்பின. ஒரு மில்லிமீற்றர்கூடத் தடிப்பில்லாத அலுமினியத் தகடுகளை ஒன்றின்மேல் ஒன்று ஏற்றி, நடுவில் எபொக்சி ஊறிய துணியை வைத்து, மூன்று வரிசை றிவிட் ஆணி அடித்தார்கள். சுமையைத் தாங்கவேண்டியது பசை. அந்தத் துணியைக் குளிரில்தான் வைத்திருக்க வேண்டும். குளிர் போகமுதல் பாவித்தால் அதில் நீர் படியும், கனநேரம் வெளியில் கிடந்தால் ஒட்டமுதலே இறுகத் தொடங்கும். இரண்டிலும் பசை தகட்டைச் சரியாகப் பிடிக்காது. 1972இல் போயிங் இந்த முறையையே மாற்றியது. ஆனால் அதற்குமுன் செய்த விமானங்கள் பறந்துகொண்டுதான் இருந்தன.

பசையில் எல்லாக் குறையும் ஒரே மாதிரி இல்லை. இப்படி மேலேற்றி ஒட்டிய இணைப்பில் ஓரங்களில்தான் பசைக்கு அழுத்தம் அதிகம். நடுவில் ஒரு சின்னக் காற்றுக்குமிழ் இருந்தால் பெரிய பாதிப்பு வராது. ஓரத்தில் விட்டுப்போனால் பலம் குறையும், ஈரமும் உள்ளே போகும். உண்மையான இடைவெளியைத் தட்டிப் பார்த்தோ மீயொலியாலோ பிடிக்கலாம். பசை தகட்டைத் தொட்டுக்கொண்டு, ஆனால் ஒட்டாமல் இருந்தால்? சோதனையில் அது பெரும்பாலும் நல்ல இணைப்பைப் போலவே தெரியும்.

1988 ஏப்ரல் 28. ஹவாயின் ஹிலோவிலிருந்து ஹொனலூலுவுக்குப் புறப்பட்டது அலோகா ஏயார்லைன்சின் 243ஆம் இலக்க விமானம். 1969இல் செய்த 737 அது. தீவுக்குத் தீவு குட்டிப் பயணங்களாக 89,680 தடவை பறந்திருந்தது. ஒவ்வொரு தடவையும் உடல் காற்றழுத்தத்தால் உப்பி, இறங்கும்போது சுருங்கும். பசை விட்ட இடங்களில் உப்புக்காற்றின் ஈரம் புகுந்து அலுமினியத்தை அரித்தது. சுமை முழுக்க ஆணிகளுக்குப் போனது. ஆணித்தலை பதிவதற்காகச் சாய்வாகக் குடைந்த துளைகளின் விளிம்போ கத்திமுனை மாதிரி மெல்லிசு. கம்பியை வளைத்து வளைத்து முறிப்பதுபோலத் துளைக்குத் துளை வெடிப்பு வந்தது.

24,000 அடி உயரத்தில் அந்த வெடிப்புகள் ஒன்றாகச் சேர்ந்தன. ஏறக்குறைய 18 அடி நீளத்துக்குக் கூரை பிய்ந்து போனது. விமானப் பணிப்பெண் கிளாரபெல் லான்சிங் வெளியே இழுக்கப்பட்டார். அவருடைய உடல் கிடைக்கவேயில்லை. விமானிகள் மௌயி தீவில் தரையிறக்கினார்கள். மற்ற 94 பேரும் உயிர் தப்பினார்கள்.

விமான நிறுவனத்தின் பராமரிப்பு இந்தச் சேதத்தைக் கண்டுபிடிக்கவில்லை என்பதுதான் முதன்மைக் காரணம் என்றது விசாரணை. கதை அதோடு முடியவில்லை. இப்படியான எல்லா இணைப்புகளையும் பார்க்கச் சொல்லி 1987இலேயே போயிங் அறிவித்திருந்தது. அரசு கட்டாயமாக்கியதோ ஒவ்வொரு பக்கத்திலும் ஒரேயொரு இணைப்பை மட்டும். உடைந்தது அந்தப் பட்டியலில் இல்லாத இணைப்பு. 1991இல்தான் பழைய விமானங்களுக்கென்று அமெரிக்காவில் தனிச் சட்டம் வந்தது.

இன்னொன்று. அன்று ஏறும்போது ஒரு பயணி, கதவுக்குப் பக்கத்தில் ஆணி வரிசையோரமாக ஒரு வெடிப்பைக் கண்டார். ஒருவரிடமும் சொல்லவில்லை. அவரைக் குறை சொல்வது லேசு. விமானம் மாதிரிப் பெரிய ஒன்றைப் பார்த்து "இது சரியில்லை" என்று சொல்ல எங்களுக்கென்றாலும் வாய் வந்திருக்குமா? தெரிந்த எல்லாரும் பார்த்துத்தானே விட்டிருப்பார்கள் என்று நாங்களும் போய்ச் சீற்றில் இருந்திருப்போம்.