மூசி வெள்ளமும் விடையில்லாக் கேள்விகளும்



மலருக்கு ஒரு வரலாற்றுக் கட்டுரை வேண்டும் என்று செயலாளர் கேட்டபோது, "நான் பாத்திரக் கடைக்காரன் சார், என்னத்தை எழுதப் போறேன்" என்றுதான் முதலில் சொன்னேன். பேகம் பஜாரில் எவர்சில்வர் மொத்த வியாபாரம் செய்துகொண்டு, கடை மூடிய பிறகு படித்த படிப்புதான் என் படிப்பு. பட்டம் எதுவும் கிடையாது. பிழை இருந்தால் அறிஞர்கள் பொறுத்தருள வேண்டும்.

நம் ஐதராபாத்தில் உஸ்மானியா மருத்துவமனைத் தோட்டத்தில் ஒரு பழைய புளியமரம் இருக்கிறது. உறவினரைப் பார்க்கப் போன பலர் அதன் நிழலில் உட்கார்ந்திருப்பீர்கள். 1908-ஆம் ஆண்டு செப்டம்பர் 28-ஆம் நாள் மூசி ஆற்றில் வெள்ளம் வந்தபோது, ஏறத்தாழ 150 பேர் அந்த மரத்தில் ஏறி உயிர் பிழைத்தார்கள் என்பது வரலாறு. மரத்தடியில் நிற்கிறபோதெல்லாம் எனக்கு ஒரே நினைப்புதான் வரும். மேலே ஏறினவர்கள் பிழைத்தார்கள். கிளைக்குக் கை எட்டாதவர்கள் போனார்கள். பிழைத்தவர் கீழே இறங்கி வீட்டுக்குப் போய்ப் பார்த்திருப்பார். வீடும் இல்லை, ஆளும் இல்லை. அதன்பிறகு அவர் எப்படி வாழ்ந்தார்? இக்கட்டுரை அந்தக் கேள்வியைப் பற்றியது.

அன்று நடந்தது

அப்போது ஆட்சியில் இருந்தவர் ஆறாம் நிஜாம் மீர் மஹபூப் அலி கான். செப்டம்பர் 27, 28 தேதிகளில் ஊருக்கு மேற்கே பேய்மழை பெய்தது. 28-ஆம் தேதி காலையில் ஆறு கரையைத் தாண்டி நகருக்குள் புகுந்தது. அப்ஸல்கஞ்ச், கோல்சாவாடி முதலிய ஆற்றங்கரைப் பகுதிகள் அழிந்தன. ஆற்றின்மேல் இருந்த பாலங்களில் மூன்று போயின. 1578-இல் குதுப்ஷாஹி காலத்தில் கட்டிய பழைய பாலமாகிய புரானாபுல் மட்டும் தாக்குப்பிடித்தது. இறந்தவர் தொகை 15,000 என்று பொதுவாகச் சொல்வர். ஏறக்குறைய 80,000 பேர் வீடிழந்தனர். அது அன்றைய நகர மக்களில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு.

நிஜாம் தம் அரண்மனைகளை மக்களுக்குத் திறந்துவிட்டார். சோதிடர் சொன்னபடி ஆற்றுக்குப் புடவையும் தேங்காயும் சமர்ப்பித்து, இந்து முறையில் ஆரத்தி எடுத்தார் என்று பழைய நகரத்துப் பெரியவர்கள் சொல்வார்கள். "ஆறு ஏன் கோபித்தது?" என்பதுதான் அன்று எல்லோர் வாயிலும் இருந்த கேள்வி. அரசனுக்கும் அந்தக் கேள்விதான், வண்டிக்காரனுக்கும் அந்தக் கேள்விதான்.

ஒரு கேள்விக்கு விடை கிடைத்தது

அந்தக் கேள்வியை வேறு விதமாகக் கேட்டவர் சர் மோக்ஷகுண்டம் விஸ்வேஸ்வரய்யா. 1909-இல் நிஜாம் அரசு அவரை அழைத்தது. அவர் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று ஆராய்ந்தார். மூசியின் நீர்ப்பிடிப்பில் 788 ஏரிகள் இருந்தன. அவற்றுள் 221 உடைந்திருந்தன. மேலே ஒரு ஏரி உடைந்தால் அந்தத் தண்ணீர் கீழே இருக்கிற ஏரியை உடைக்கும், அது அதற்கடுத்ததை. நம் வந்தவாசி, செஞ்சிப் பக்கத்து ஏரிகளை அறிந்தவர்களுக்கு இது உடனே விளங்கும். நகரத்தை அடைந்தபோது வெள்ளம் விநாடிக்கு 4,25,000 கன அடி என்று அவர் கணக்கிட்டார்.

ஊருக்கு மேலே இரண்டு பெரிய அணைகள் வேண்டும் என்று அவர் சொன்னார். மூசியின்மேல் உஸ்மான் சாகர் 1920-இலும், ஈசி ஆற்றின்மேல் ஹிமாயத் சாகர் 1927-இலும் முடிந்தன. ஐதராபாத் பல தலைமுறைகளாகக் குடித்த தண்ணீரில் அந்த வெள்ளத்தில் இறந்தவர்களின் பங்கும் உண்டு என்று நான் சொல்வதுண்டு. கண்டிப்பேட்டைத் தண்ணீர் என்று நம்மவர்கள் பெருமையாகச் சொன்னார்களே, அது உஸ்மான் சாகர்தான்.

ஆக, "எப்படி நடந்தது?" என்ற கேள்விக்கு விடை உண்டு. தேடினால் கிடைக்கும். அதைத் தேடியே ஆகவேண்டும்.

விடை கிடைக்காத மனிதர்

அதே வெள்ளத்தில் ஓர் இளைஞர் தம் தாயையும் மனைவியையும் மகளையும் ஒருசேரப் பறிகொடுத்தார். அவர் மட்டும் பிழைத்தார். அவர்தான் பின்னாளில் உருதுக் கவிஞர்களுள் புகழ்பெற்ற அம்ஜத் ஹைதராபாதி. 788 ஏரிகளில் 221 உடைந்தன என்பது அவருக்கு என்ன ஆறுதல் தரும்? "மூன்று பேரும் போய் நான் மட்டும் ஏன்?" என்பதல்லவா அவர் கேள்வி! அதற்கு எந்தப் பொறியாளரும் அறிக்கை தர முடியாது.

அம்ஜத் அந்த வெள்ளத்தைப் பற்றி 'கியாமத்-எ-சுக்ரா', அதாவது 'சிற்றூழி', என்றொரு பாடல் செய்தார். நான்கடிப் பாடலாகிய ருபாயியில் பெரும்புகழ் பெற்று, 1961 வரை வாழ்ந்தார். வெள்ளத்துக்குப் பின் அரை நூற்றாண்டுக்கு மேல்! விடை கிடைத்த பிறகுதான் வாழ்வேன் என்று அவர் இருந்திருந்தால் அந்தப் பாடல்கள் நமக்கு ஏது?

இங்கே நம் நாலடியார் நினைவுக்கு வருகிறது. அதுவும் நான்கடிதான். பாண்டி நாட்டில் 8000 சமண முனிவர்கள் ஆளுக்கொரு வெண்பா எழுதி வைத்துவிட்டு இரவோடு இரவாகப் போனார்கள்; அரசன் ஏடுகளை வையையில் எறிந்தான்; 400 ஏடுகள் மட்டும் வெள்ளத்தை எதிர்த்து வந்தன என்பது மரபுக்கதை. மற்ற 7600 ஏன் எதிர்த்து வரவில்லை என்று கதை சொல்லவில்லை. கிடைத்ததை வைத்துக்கொண்டோம்.

ஒரு சாவு, பல மனங்கள்

திடீர்ச் சாவின் கதைதானே சிலப்பதிகாரம்? சிலம்பு விற்கப் போன வணிகன் திரும்பி வரவில்லை. கண்ணகி அரசனிடம் கேட்ட கேள்விக்கு விடை கிடைத்தது. கோவலன் கள்வன் அல்லன் என்று சிலம்பே சொன்னது. இது 'எப்படி' என்ற கேள்வி. 'ஏன்' என்ற கேள்விக்கு மதுராபதித் தெய்வம் வந்து விடை சொல்கிறது. முற்பிறப்பில் கோவலன் பரதன் என்பவனாய் இருந்து, சங்கமன் என்னும் வணிகனை ஒற்றன் என்று காட்டிக் கொல்வித்தான். சங்கமன் மனைவி நீலி பதினான்கு நாள் அலைந்து அழுது உயிர்விட்டாள். அவள் சாபம் பலித்தது என்று.

விடை தெளிவாகத்தான் இருக்கிறது. ஆனால் கண்ணகி அதைக் கேட்டுச் சமாதானம் அடைந்து வீட்டுக்குப் போனாளா? இல்லையே! கணவனைக் காணாமல் உட்காரவும் மாட்டேன், நிற்கவும் மாட்டேன் என்று வையைக் கரையோடு நடந்தாள். வினையின் கணக்கு தெரிந்த பிறகும் நடக்க வேண்டிய வழி மிச்சம் இருந்தது.

மற்றவர்களைப் பாருங்கள். கோவலன் தந்தை மாசாத்துவான் பொருளைத் தானம் செய்து பௌத்தப் பள்ளி புகுந்தான். கண்ணகியின் தந்தை மாநாய்கன் ஆசீவகரிடம் சென்றான். இரண்டு தாய்மாரும் துயரத்தில் இறந்தனர். மாதவி துறவு பூண்டாள். அடைக்கலம் தந்த இடைச்சி மாதரி தீப்புகுந்தாள். ஒரே சாவுதான், ஒருவர் ஆறினது போல் இன்னொருவர் ஆறவில்லை.

என் மனத்தை மிகவும் உலுக்குபவர் கவுந்தியடிகள். அவர் சமணத் துறவி. வினை ஊட்டும் என்பதை வழியெல்லாம் எடுத்துச் சொன்னவர். அவரே செய்தி கேட்டதும், இவர்கள் வினை என்னோடு வந்தபோதா மூள வேண்டும் என்று நொந்து, உண்ணா நோன்பிருந்து உயிர் நீத்தார். சாத்திரம் தெரிந்தவருக்கும் அந்தக் கேள்வி வருகிறது: "நான் வேறு மாதிரி செய்திருந்தால்?" சமணனாகிய நான் இதைக் குறையாகச் சொல்லவில்லை. இளங்கோவடிகள் மனித மனத்தை அறிந்தவர் என்பதற்காகச் சொல்கிறேன்.

கல் சொல்லுவது

செஞ்சிக்கு அருகே திருநாதர்குன்று என்ற சிறு பாறைக்குன்று உண்டு. 24 தீர்த்தங்கரர் உருவங்களை அங்கே பாறையில் வரிசையாகச் செதுக்கியிருக்கிறார்கள். சந்திரநந்தி என்ற ஆசிரியர் 57 நாள் உண்ணாதிருந்து உயிர் நீத்தார் என்று அங்கே ஒரு பழைய கல்வெட்டு கூறும். அது ஆயத்தமாகிப் போன சாவு. விடைபெற்றுப் போன சாவு.

அதே வட்டாரத்தில், செங்கம் பகுதியில், பல்லவர் கால நடுகற்கள் நிறைய. ஆநிரை மீட்கப் போய்த் திடீரென்று விழுந்த வீரர்களுக்கு வைத்தவை. இன்ன அரசனின் இத்தனையாவது ஆண்டில், இன்னாருடைய ஆள், இன்ன பேருடையவன், இந்த ஊர்ப் பூசலில் பட்டான் என்று இரண்டு மூன்று வரியில் முடிந்துவிடும். ஏன் பட்டான், அவன் விதி என்ன என்ற ஆராய்ச்சி அந்தக் கற்களில் இல்லை. தெரிந்ததைச் சொல்லிவிட்டுக் கல் மௌனமாகிவிடுகிறது. நம் முன்னோர் தெரியாததைக் கல்லில் வெட்டவில்லை என்பது ஈண்டுக் கருதத்தக்கது.

என் வீட்டுக் கேள்வி

இவ்வளவும் நான் ஏன் படித்தேன் என்று சொல்லிவிடுகிறேன். 2009-இல் என் தம்பி போனான். வயது 41. மத்தியானம் கடையில் சரக்கு எடை போட்டுக்கொண்டே, "அண்ணா, ராத்திரி வீட்டுக்கு வரேன், ஒரு விஷயம் பேசணும்" என்றான். "இப்பவே சொல்லேன்டா" என்றேன். "ஆளுங்க இருக்காங்க, அப்புறம்" என்றான். சாயங்காலம் ஏழு மணிக்குக் கல்லாவில் உட்கார்ந்தபடியே சாய்ந்தான். மருத்துவமனையில் இதயம் நின்றுவிட்டது என்றார்கள். அதற்கு முன் ஒரு தலைவலி என்று படுத்தவன் அல்லன்.

சார்மினார் எக்ஸ்பிரஸில் ஊர் ஜனங்கள் வந்தார்கள். ஆளுக்கொரு கேள்வி. "முன்னாடியே டாக்டர்கிட்ட காட்டியிருக்கலாமே?" "கடன் ஏதாவது உண்டா?" அன்போடுதான் கேட்டார்கள், ஒவ்வொன்றும் ஊசி. "ஆயுள் வினை தீர்ந்தது, அவ்வளவுதான்" என்றார் ஒரு பெரியவர். நாலடியாரில் யாக்கை நிலையாமை அதிகாரத்தைப் பலமுறை படித்தவன் நான். அன்றிரவு ஒரு வரி கூட நினைவுக்கு வரவில்லை.

காரியமெல்லாம் முடிந்த பிறகு தம்பி மனைவி என்னிடம், "மாமா, ஏதோ பேசணும்னு உங்ககிட்ட வரதா சொன்னாரே, சொன்னாரா?" என்று கேட்டாள். அவளுக்குத் தெரிந்திருக்கும் என்று நான் இருந்தேன். எனக்குத் தெரிந்திருக்கும் என்று அவள் இருந்தாள். மூன்று வருஷம் பேரேடு, சிட்டை, பழைய ரசீது எல்லாம் புரட்டினேன். கடனும் இல்லை, வில்லங்கமும் இல்லை. என்ன பேச நினைத்தான் என்று இன்றுவரை தெரியாது.

செங்கத்து நடுகல் பற்றிப் படித்த அன்று ஒரு நோட்டுப் புத்தகம் எடுத்தேன். தம்பி பிறந்த ஊர், படித்த பள்ளி, ஐதராபாத் வந்த வருஷம், தெலுங்கு கற்ற கதை, கடைசி நாள் காலையில் சாப்பிட்டது, யாரிடம் சிரித்துப் பேசினான், எத்தனை மணிக்கு என்ன ஆயிற்று என்று தெரிந்ததையெல்லாம் எழுதினேன். கடைசியில், "பேச நினைத்தது தெரியவில்லை" என்று ஒரு வரி எழுதி நிறுத்தினேன். அப்பா போனபோது அவன் மகளுக்கு நாலு வயசு. அவள் கல்லூரியில் சேர்ந்தபோது நோட்டை அவளிடம் கொடுத்தேன். படித்துவிட்டு, "பெரியப்பா, அப்பாவுக்கு இட்லிக்கு மிளகாய்ப்பொடிதான் பிடிக்குமா? எனக்கும்" என்றாள். நான் பதினைந்து வருஷம் பிடித்துக்கொண்டிருந்த கேள்வியைப் பற்றி அவள் ஒன்றும் கேட்கவில்லை.

முடிவுரை

பிறந்த ஊரை விட்டு வந்து வாழ்கிற நம் வீடுகளில் இப்படிப்பட்ட சாவு நேர்ந்தால், எப்படி நடந்தது என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். மருத்துவர் எழுதித் தருவதை வாங்கிப் பத்திரமாக வையுங்கள். பிள்ளைகளின் உடம்பைக் காப்பதற்கு அது உதவும். நான் தம்பி போன பிறகுதான் என் இதயத்தைச் சோதித்துப் பார்த்தேன். துக்கம் கேட்கப் போகிறவர்கள் "முன்னாடியே" என்று தொடங்கும் எந்தப் பேச்சையும் வாசலிலேயே விட்டுவிட்டுப் போங்கள். போனவரைப் பற்றித் தெரிந்ததை எழுதி வையுங்கள். தெரியாத இடத்தில் தெரியாது என்று எழுதுங்கள்.

அடுத்த முறை உஸ்மானியா பக்கம் போனால் அந்தப் புளியமரத்தை ஒரு நிமிஷம் நின்று பார்த்துவிட்டு வாருங்கள். அறம் பெருகுக! அனைவரும் நலமுடன் வாழ்க!