தாளில் கிடைத்த பங்கு: பேக்டெஸ்டில் ஆர்டர் நிறைவேற்றத்தை மெய்யாகக் காட்டுவது எப்படி?

தென்காசி மாவட்டம் சங்கரன்கோவில் வட்டத்தில் உள்ள பனவடலிசத்திரத்தில் இருக்கும் ஒருவர் இன்று ஒரு பங்கு வாங்கக் கைபேசியில் நாலைந்து தட்டு தட்டினால் போதும். இரண்டு தலைமுறைக்கு முன் இது ஒரு சங்கிலி வேலை. உள்ளூர்த் தரகரிடம் சொல்ல வேண்டும். அவர் சென்னைக்குத் தொலைபேசியில் சொல்ல வேண்டும். சந்தைக் கூடத்தில் ஒருவர் அதைப் பேசி முடிக்க வேண்டும். 1937இல் நிறுவப்பட்ட சென்னைப் பங்குச்சந்தை 2015இல் பங்குச்சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபியின் ஆணையோடு களத்திலிருந்து விலகியது. 1994 நவம்பரில் கணினித் திரையில் பங்கு வணிகத்தைத் தொடங்கிய தேசியப் பங்குச்சந்தையில் கிராமத்து ஆர்டரும் மும்பை ஆர்டரும் ஒரே ஆர்டர் புத்தகத்தில் நிற்கின்றன. முதலில் விலை, விலை சமமானால் நேரம். வரிசை அவ்வளவுதான்.

ஆர்டர் போடுவது எளிதானபோது உத்தியைச் சோதிப்பதும் எளிதானது. பத்தாண்டு விலைத் தரவை இறக்கி, நாற்பது வரி பைதான் நிரல் எழுதினால், ‘இந்த உத்தியைப் பின்பற்றியிருந்தால் இவ்வளவு லாபம்’ என்று வரைபடம் வந்துவிடும். இதுதான் பேக்டெஸ்ட். எப்போது வாங்குவது, எப்போது விற்பது என்ற குறிப்பைச் செதுக்குவதற்கு மாதக்கணக்கில் உழைப்பவர்கள், அந்த ஆர்டர் என்ன விலைக்கு நிறைவேறியிருக்கும் என்ற கேள்வியை ஒற்றை வரியில் முடித்துவிடுகிறார்கள்: அன்றைய விலைக்கு நிறைவேறியது.

இக்கட்டுரையின் வாதம் அந்த ஒற்றை வரியைப் பற்றியது. தரவில் பதிவான விலை வேறு யாரோ இருவருக்கு இடையே நடந்த பரிமாற்றத்தின் சான்று; நமக்கு விடுக்கப்பட்ட அழைப்பு அல்ல. ஆகவே ஒவ்வொரு நிறைவேற்றமும் நிரூபிக்கப்பட வேண்டிய கூற்று. அதை நிரூபிக்கச் சிக்கலான கணித மாதிரிகளைத் தேடுவதற்கு முன், நம் சந்தையின் விதிகளைத் தேதி வாரியாக நிரலுக்குள் எழுத வேண்டும். இந்தியத் தரவில் மிகப் பெரிய பிழைகள் விதிகளை விட்டுவிடுவதால்தான் வருகின்றன.

முடிவு விலை, தொடக்க விலை

பலரும் சோதிக்கும் உத்தி ஒன்று: முடிவு விலை 20 நாள் சராசரியைத் தாண்டினால் வாங்கு. நிரல் அந்த முடிவு விலைக்கே வாங்கியதாகக் கணக்கு எழுதும். முடிவு விலை தெரிந்த பிறகுதான் குறிப்பே பிறக்கிறது, அப்போது சந்தை மூடியிருக்கும் என்பது பலருக்கும் தெரிந்த குறை. அதிகம் பேசப்படாதது இன்னொன்று. தேசியப் பங்குச்சந்தையின் ரொக்கப் பிரிவில் தினசரித் தரவு தரும் முடிவு விலை கடைசியாக நடந்த வணிகத்தின் விலை அல்ல. கடைசி அரைமணி நேர வணிகங்களை அளவால் எடைபோட்ட சராசரி. 3 மணிக்கு 500 ரூபாயில் இருந்த பங்கு 3.30க்கு 512இல் முடிந்தால், முடிவு விலை 506 என்று பதிவாகலாம். 3.30க்கு 506 ரூபாயில் விற்க ஒருவரும் இல்லை. விலை ஏறும்போது வாங்கும் உத்தி என்றால், இந்தப் பிழை ஒவ்வொரு முறையும் உத்திக்குச் சாதகமாகவே சாயும்.

பேக்டிரேடர் போன்ற திறந்த மூல நிரல் தொகுப்புகள் மார்க்கெட் ஆர்டரை இயல்பாகவே அடுத்த நாளின் தொடக்க விலையில் நிறைவேற்றுகின்றன. இது மேலான வழி. ஆனால் தொடக்க விலைக்கும் ஒரு பின்கதை உண்டு. 2010 அக்டோபரில் தொடங்கிய முன்திறப்பு அமர்வில், 9 மணி முதல் சேரும் ஆர்டர்களைக் கூட்டி ஒரே ஏலத்தில் ஒரு விலை தீர்மானிக்கப்படுகிறது. அந்த விலை வேண்டும் என்றால் ஆர்டர் அந்த அமர்வுக்குள் போயிருக்க வேண்டும். 9.15க்கு அனுப்பியவருக்குக் கிடைப்பது அதற்கடுத்த விலை.

தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கியின் முதல் நாள் இதற்குத் துல்லியமான சான்று. 1921இல் தூத்துக்குடியில் நாடார் வங்கியாகப் பிறந்த இந்த வங்கியின் பங்கு, 510 ரூபாய் வெளியீட்டு விலையில் 2022 செப்டம்பர் 15 அன்று பட்டியலுக்கு வந்தது. மும்பைப் பங்குச்சந்தையில் 510 ரூபாயிலும், தேசியப் பங்குச்சந்தையில் 495 ரூபாயிலும் தொடங்கியது. ஒரே பங்கு, ஒரே காலை. வித்தியாசம் கிட்டத்தட்ட 3 சதவீதம். புதிய பங்குகளின் முதல் நாளில் வழக்கமான வணிகம் தொடங்குவதும் 9.15க்கு அல்ல, 10 மணிக்கு. எந்தச் சந்தையின் தரவை ஏற்றினோம், எந்தச் சந்தைக்கு ஆர்டர் போனதாக வைத்துக்கொண்டோம் என்று குறிக்காத சோதனையில் இந்த 15 ரூபாய் வானத்திலிருந்து விழுந்த லாபமாகத் தெரியும்.

விற்க முடியாத நாள்

நம் சந்தையில் பெரும்பாலான பங்குகளுக்கு ஒரு நாளில் ஏறி இறங்கும் எல்லை உண்டு: 2, 5, 10, 20 சதவீதம். கீழ் எல்லையைத் தொட்டால் வணிகர் மொழியில் லோயர் சர்க்யூட். 1926இல் கரூரில் தொடங்கப்பட்ட லட்சுமி விலாஸ் வங்கியின் கடைசி நாட்கள் இதன் பொருளைக் காட்டும். 2020 நவம்பர் 17 மாலை, வாடிக்கையாளர் ஒருவர் 25,000 ரூபாய்க்கு மேல் எடுக்க முடியாதபடி வங்கியின் மீது தடை வந்தது. மறுநாள் பங்கு 20 சதவீதம் இறங்கிக் கீழ் எல்லையில் நின்றது. அதற்கு மறுநாளும் அதே கதை. நவம்பர் 27இல் வங்கி டிபிஎஸ் வங்கி இந்தியாவோடு இணைக்கப்பட்டது. பழைய பங்கு மூலதனம் முழுவதும் தள்ளுபடி செய்யப்பட்டது.

‘10 சதவீத நட்டத்தில் வெளியேறு’ என்ற ஸ்டாப் லாஸ் விதியோடு இந்தப் பங்கை வைத்திருந்த சோதனை நிரல் நவம்பர் 18 அன்று என்ன செய்யும்? கவனமில்லாத நிரல் 10 சதவீத நட்டத்தில் விற்றதாக எழுதிவிட்டு நகரும். சற்றே கவனமான நிரல் அன்றைய விலையில், 20 சதவீத நட்டத்தில் விற்கும். இரண்டும் தவறாக இருக்க வாய்ப்புண்டு. கீழ் எல்லையில் விற்பவர் வரிசை மலைபோல் குவியும். வாங்குபவர் அங்கொருவர் இங்கொருவர். அன்று வணிகமான அளவு பூஜ்யமாக இருக்காது என்பதுதான் வலை: வரிசையில் முன்னால் நின்றவர்கள் விற்றார்கள், அந்த எண்ணிக்கை தரவில் இருக்கிறது. அதைப் பார்த்து நிரல் தன்னையும் விற்றவர்களோடு சேர்த்துக்கொள்கிறது. பங்கு கீழ் எல்லையில் பூட்டியிருந்தால் விற்பனை ஆர்டரை மறுத்து, மறுநாளுக்குத் தள்ளுவதே நேர்மையான விதி. மேல் எல்லையில் வாங்குவதற்கும் இதுவே பொருந்தும்.

இன்னொரு பிழையும் இங்கேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது. இன்று பட்டியலில் இருக்கும் பங்குகளை மட்டும் எடுத்துச் சோதித்தால், லட்சுமி விலாஸ் வங்கி சோதனைக்குள் வரவே வராது.

ஒரு மெழுகுவர்த்திக்குள் நடப்பது

தினசரித் தரவில் ஒரு நாளுக்கு நான்கு விலைகள்: தொடக்கம், உச்சம், தாழ்வு, முடிவு. வரைபடத்தில் இந்த நான்கும் சேர்ந்ததே ஒரு மெழுகுவர்த்தி. 500 ரூபாயில் வாங்கிய பங்குக்கு 510 இலக்கு, 490 ஸ்டாப் லாஸ் என்று வைப்போம். அடுத்த நாள் 501இல் தொடங்கி, உச்சம் 512, தாழ்வு 488, முடிவு 505. எது முதலில் நடந்தது? நான்கு எண்களில் அதற்குப் பதில் இல்லை. இலக்கு முதலில் என்று கொண்டால் 10 ரூபாய் லாபம். ஸ்டாப் முதலில் என்றால் 10 ரூபாய் நட்டம். நிரல் எழுதியவர் அறிந்தோ அறியாமலோ தேர்ந்தெடுத்த வரிசை, உத்தியின் தலைவிதியை எழுதிவிடுகிறது. பதில் இல்லாத இடத்தில் பாதகமான வரிசையையே எடுக்க வேண்டும். பங்கு 470இல் தொடங்கினால் ஸ்டாப் நிறைவேறும் விலை 470, 490 அல்ல.

குறித்த விலையில் மட்டும் நிறைவேறும் லிமிட் ஆர்டரில் சிக்கல் இன்னும் நுட்பமானது. 495இல் வாங்க ஆர்டர் வைத்திருக்கிறோம். அன்றைய தாழ்வு சரியாக 495. நிரல் நிறைவேறியது என்கிறது. ஆனால் 495இல் நமக்கு முன் 8,000 பங்குகளுக்கான ஆர்டர்கள் நின்று, 3,000 மட்டும் கைமாறி விலை திரும்பியிருந்தால் நமக்கு ஒன்றும் கிடைத்திருக்காது. விலை நம் ஆர்டரைத் துளைத்துக்கொண்டு கீழே போகும் நாட்களில் மட்டும் ஆர்டர் உறுதியாக நிறைவேறும். அதாவது நட்டம் தரும் ஆர்டர் எப்போதும் நிறைவேறும். லாபம் தரும் ஆர்டர் வரிசையில் நின்றே கழியும். எனவே தொட்டால் போதாது, குறைந்தது ஒரு டிக் (விலை நகரும் மிகச்சிறிய அளவு) கடந்தால்தான் நிறைவேறியது என்று எழுத வேண்டும். டிக்கின் அளவும் மாறிவந்திருக்கிறது: 250 ரூபாய்க்குக் கீழுள்ள பங்குகளுக்குத் தேசியப் பங்குச்சந்தை 2024 ஜூன் 10 முதல் 5 பைசாவை 1 பைசாவாகக் குறைத்தது.

தாழ்வு விலையை நம்புவது எவ்வளவு ஆபத்து என்பதற்கு 2012 அக்டோபர் 5 சாட்சி. தரகு நிறுவனம் ஒன்றிலிருந்து தவறுதலாக வந்த 59 ஆர்டர்கள் 650 கோடி ரூபாய்க்கும் மேல் வணிகமாகி, நிஃப்டி குறியீடு சில நொடிகளில் 15 சதவீதத்துக்கும் மேல் சரிந்தது. வணிகம் நிறுத்தப்பட்டு, பின்னர் தொடர்ந்தபோது விலைகள் மீண்டிருந்தன. 10 சதவீதச் சரிவில் வாங்கக் காத்திருக்கும் எந்த உத்தியும் தரவில் அன்று கொழுத்த லாபம் காட்டும். அந்த ஒரு நாளை நீக்கிவிட்டு முடிவு தாங்குகிறதா என்று பார்க்காமல் அந்த லாபத்தை ஏற்பதற்கில்லை.

அளவும் வரியும்

சங்கரன்கோவில் பூ மார்க்கெட்டில் காலையில் சொன்ன மல்லி விலை, ஒருவர் கூடை கூடையாக வாங்கத் தொடங்கியதும் நிற்காது. பங்கிலும் அப்படியே. சங்கரன்கோவிலுக்கு வடக்கே இராஜபாளையத்தில் 1936இல் தொடங்கிய ராஜபாளையம் மில்ஸ் போன்று நாளொன்றுக்குக் குறைவாகவே கைமாறும் பங்கில், நிரல் அன்றைய விலையில் விரும்பிய அளவு வாங்கியதாகக் காட்டினால், அது தன் சொந்த ஆர்டரின் அழுத்தத்தை மறைக்கிறது. ஜிப்லைன் என்னும் நிரல் தொகுப்பில் உள்ள ஒரு மாதிரி, ஒரு கால அலகில் நடந்த வணிகத்தில் 2.5 சதவீதத்துக்கு மேல் எடுக்க இயல்பாக விடுவதில்லை. எடுத்த விகிதத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப விலையையும் தள்ளுகிறது. அந்த எண்கள் நம் சந்தைக்காக அளந்தவை அல்ல. ஆனால் வரம்பு வைக்கும் பழக்கம் வேண்டும்.

வரியில் ஊகத்துக்கு இடமில்லை, சட்டம் எழுதிவைத்திருக்கிறது. டெலிவரியாக 1 லட்சம் ரூபாய்க்கு வாங்கி 1 லட்சத்துக்கே விற்றால், பங்குப் பரிவர்த்தனை வரி இரு பக்கமும் தலா 100 ரூபாய், வாங்கும்போது முத்திரைத் தீர்வை 15 ரூபாய், சந்தைக் கட்டணமும் ஜிஎஸ்டியும் சேர்ந்து இன்னும் ஏழு ரூபாய். தரகு இல்லாமலே சுமார் 222 ரூபாய். முழு முதலையும் ஆண்டுக்கு 100 முறை சுழற்றும் உத்தி இதில் மட்டும் முதலில் 22 சதவீதத்தை இழக்கும். பரிவர்த்தனை வரி 2004 அக்டோபரில் வந்தது. நாடு முழுவதும் ஒரே முத்திரைத் தீர்வை 2020 ஜூலையில் வந்தது. இன்றைய விகிதத்தை 2003க்கும், 2003இன் விகிதத்தை இன்றைக்கும் போடாத நிரலே சரியான நிரல்.

ஆர்டர் வகைகளுக்கும் பிறப்பும் இறப்பும் உண்டு. ஆப்ஷன் ஒப்பந்தங்களில் மார்க்கெட் விலையில் வெளியேறும் ஸ்டாப் லாஸ் ஆர்டரைத் தேசியப் பங்குச்சந்தை 2021 செப்டம்பர் 27 முதல் நிறுத்திவிட்டது. அதன்பிறகான ஆண்டுகளையும் அந்த ஆர்டரோடு சோதிப்பவர், இல்லாத பொருளைக் கையாள்கிறார். அதே ஆண்டு பிப்ரவரி 24 அன்று தொழில்நுட்பக் கோளாறால் அந்தச் சந்தை காலை 11.40க்கு நின்று, மாலை 3.45க்குத் திறந்து 5 மணி வரை நடந்தது. ‘3.20க்கு எல்லாவற்றையும் முடித்துவிடு’ என்னும் நிரலுக்கு அன்று 3.20 என்ற நிமிடமே தரவில் இல்லை.

மறுப்பும் அதற்குப் பதிலும்

இவ்வளவு கெடுபிடியாகச் சோதித்தால் நல்ல உத்தியும் செத்துவிடும் என்பது நியாயமான மறுப்பு. ஸ்டாப் லாஸ் எப்போதும் முதலில் அடிபடுவதில்லை. விலை தொட்ட லிமிட் ஆர்டர்கள் பல மெய்யாகவே நிறைவேறுகின்றன. எனவே ஒரே எண்ணைத் தேடாமல் சோதனையை இருமுறை ஓட்டலாம்: ஐயமான இடங்களையெல்லாம் உத்திக்குச் சாதகமாகத் தீர்த்து ஒருமுறை, பாதகமாகத் தீர்த்து ஒருமுறை. விதிகளும் வரியும் இரண்டிலும் ஒன்றே. இரு முடிவுகளுக்கும் இடையிலான தூரம், அந்தத் தரவால் எவ்வளவு சொல்ல முடியவில்லை என்பதன் அளவு. பாதக ஓட்டத்திலும் லாபம் நின்றால் உத்தியைப் பற்றிப் பேசலாம். சாதக ஓட்டத்தில் மட்டும் லாபம் வந்தால், தினசரித் தரவை ஒதுக்கிவிட்டு நிமிடத் தரவுக்கோ ஒவ்வொரு வணிகத்தின் தரவுக்கோ போக வேண்டும்.

தாளுக்கும் மெய்க்கும் இடையிலான இடைவெளி கற்பனை அல்ல. ஆந்த்ரே பெரோல்ட் 1988இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை, அமெரிக்காவின் வேல்யூ லைன் நிறுவனம் பங்குகளுக்குத் தந்த தரவரிசையை எடுத்துக்காட்டியது. 1965 முதல் 1986 வரை அந்தத் தரவரிசையைத் தாளில் பின்பற்றியிருந்தால் சந்தையைவிட ஆண்டுக்குச் சுமார் 20 சதவீதம் கூடுதல் லாபம். அதே நிறுவனம் மெய்யாக நடத்திய நிதியில் கூடுதல் 2.5 சதவீதம்தான்.

இந்தியாவில் இதன் விலையைச் சிறு வணிகரே கொடுக்கிறார். 2024 செப்டம்பரில் செபி வெளியிட்ட ஆய்வின்படி, 2021-22 முதல் 2023-24 வரை ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் வணிகத்தில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதத்தினர் நட்டப்பட்டனர். மொத்த நட்டம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கும் மேல். பரிவர்த்தனைச் செலவாக மட்டும் சுமார் 50,000 கோடி போயிற்று. இந்த நட்டம் அத்தனைக்கும் பேக்டெஸ்ட் காரணமாகாது. ஆனால் அல்கோ (தானியங்கி நிரல்) உத்திகளின் கடந்தகால லாபத்தை விளம்பரமாக்கும் தளங்களோடு தரகர்கள் சேரக் கூடாது என்று 2022 செப்டம்பரிலேயே செபி சுற்றறிக்கை விட வேண்டியிருந்தது.

விளம்பரத்தைத் தடுத்தது சரி. உத்தியை விற்பவரிடமோ ஆய்வேட்டில் முன்வைப்பவரிடமோ கேட்க வேண்டியவை இன்னும் மிச்சம் இருக்கின்றன. எந்தச் சந்தையின் தரவு, பட்டியலிலிருந்து நீங்கிய பங்குகள் உள்ளனவா, சர்க்யூட் நாட்களில் மறுக்கப்பட்ட ஆர்டர்கள் எத்தனை, எந்தத் தேதிக்கு எந்த வரி, சாதக ஓட்டத்துக்கும் பாதக ஓட்டத்துக்கும் வித்தியாசம் எவ்வளவு: இந்த ஐந்தும் முடிவு வரைபடத்துக்குக் கீழேயே அச்சாக வேண்டும். தமிழகப் பல்கலைக்கழகங்களின் நிதியியல், கணினியியல் துறைகள் இவற்றை ஆய்வேட்டு மதிப்பீட்டின் நிபந்தனையாக்கினால், லட்சுமி விலாஸ் வங்கியின் 2020 நவம்பர் தரவே ஒவ்வொரு மாணவரின் நிரலுக்கும் முதல் தேர்வாக அமையலாம்: நவம்பர் 18 அன்று நிரல் விற்றுவிட்டதா, விற்க முடியாமல் நின்றதா?