திரைக்கு அப்பால் அம்மா: சலப்பைச் சோதனையின் கதை



கணக்கு எழுதுகிறவனுக்குச் சலப்பையில் என்ன வேலை என்று கேட்பீர்கள். அம்மாவுக்கு இங்கே சலப்பைச் சோதனை செய்தபோது மொழிபெயர்க்கப் போனவன் நான். திரைக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அம்மா. "நோகுதா?" என்று தாதி கேட்டதைத் தமிழில் சொன்னேன். "இல்லை" என்றா. மகனிடம் வேறென்ன சொல்லுவா? வீட்டுக்கு வந்துதான் அழுதா.

இந்தச் சோதனையும் ஒரு வரவு செலவுக் கணக்குத்தான். மெல்லிய குழாயால் சலப்பைக்குள் நீர் விட்டு, எவ்வளவு நீருக்கு எவ்வளவு அழுத்தம் என்று பதிவார்கள். 1882இல் இத்தாலியின் ரூரின் நகரத்தில் மொசோ, பெலக்கானி என்ற இருவர் பெண்களில் இதை அளந்தபோது ஒரு புதினம் கண்டார்கள். கையை மெல்லத் தொட்டாலும், பேச்சுக் கொடுத்தாலும் சலப்பை சுருங்கியது! பயமும் கூச்சமும் கணக்கையே மாற்றிவிடலாம் என்று எனக்கு விளங்கியது இதைப் படித்தபோதுதான். 1927இல் அமெரிக்க வைத்தியர் றோஸ் இதற்கென்றே ஒரு கருவி செய்தார்.

ரொறன்ரோவுக்கும் இந்தக் கதையில் பங்குண்டு. முதலாம் உலகப் போரில் முள்ளந்தண்டு முறிந்தவர்களில் அநேகர் சலத்தொற்றாலும் படுக்கைப் புண்ணாலும் இறந்துபோனார்கள். 1945இல் காசா லோமாவுக்குக் கிட்ட, காயப்பட்ட படையினருக்காக லிண்ட்ஹர்ஸ்ட் லொட்ஜ் திறந்தது. வைத்தியர் ஜூஸ் பொறுப்பிலிருந்த அங்கே சலப்பையைக் கவனிப்பது பெரிய வேலை. எங்கள் ஊர்ப் போரில் நடக்க ஏலாமற் போனவர்களை அறிந்த நமக்கு இதை விளக்கத் தேவையில்லை.

நோவு குறைந்தது மெல்ல மெல்லத்தான். 1943இல் சுவீடனில் லோவ்கிறன் லிடோகெயின் என்ற விறைப்பு மருந்தை உருவாக்கினார். 1948இல் விற்பனைக்கு வந்தது. இன்று அது கலந்த களியைப் பூசிச் சில நிமிடம் பொறுப்பார்கள். அவசரப்பட்டால் பிரயோசனம் குறைவு. குழாயும் இப்போது இரண்டு மில்லிமீற்றர் அளவுதான். நீரை மெதுவாக விடுவதும் உதவும். நல்ல சோதனை எப்படியிருக்க வேண்டுமென்று சர்வதேசச் சங்கமொன்று 2002இல் எழுதி வைத்தது. அதன் 2010 மாநாடு ரொறன்ரோவிலேயே நடந்தது.

அம்மாவின் அடுத்த சோதனைக்குத் தமிழ் தெரிந்த பெண் மொழிபெயர்ப்பாளரை முன்கூட்டியே கேட்டோம். நான் வெளியே கதிரையில் இருந்தேன். "கொஞ்சம் நில்லுங்கோ பிள்ளை, நோகுது" என்று அம்மாவின் குரல் கேட்டது. தாதி நிறுத்தினா.