செட்னாவின் விரல்கள்

இனுவிட் கல் சிற்பங்களுக்குத் தெற்குக் கனடாவில் பெரிய சந்தை உருவானது 1949க்குப் பிறகு. ஜேம்ஸ் ஹூஸ்டன் வடக்கிலிருந்து வாங்கிவந்தவை அந்த ஆண்டு மாண்ட்ரியலில் மூன்றே நாளில் விற்றுத் தீர்ந்தன. பனிக்கரடி, சீல், வால்ரஸ் என்றால் உடனே விலைபோகும். செதுக்கியவரின் பெயருக்குப் பதில் பல சிற்பங்களின் அடியில் இருந்தது அரசு கொடுத்த வட்டு எண்.

இந்த விலங்குகளுக்கு இனுவிட் மரபில் ஒரு பிறப்புக் கதை உண்டு. செட்னாவைப் பெற்ற தகப்பனே படகிலிருந்து கடலில் தள்ளுகிறான்; விளிம்பைப் பற்றிக்கொண்டவளின் விரல்களை வெட்டுகிறான். வெட்டுண்ட விரல்களே சீல்களும் வால்ரஸ்களும் திமிங்கிலங்களும் ஆயின. வரவேற்பறை அலமாரியில் வழவழவென்று படுத்திருக்கும் சீலின் பூர்வீகம் இது.

பாஃபின் தீவின் கேப் டோர்செட்டைச் சேர்ந்த ஓவிலூ துன்னிலி (1949–2014) தன் தந்தை செதுக்குவதைப் பார்த்துக் கற்றவர். பெண்களில் பலர் வரைந்தார்கள். கல் பெரும்பாலும் ஆண்கள் கையில். மாக்கல் என்று பொதுவாகச் சொன்னாலும் அவ்வூரின் பச்சைக் கல் அதைவிடக் கடினமான சர்பென்டினைட். அதன் தூசி நுரையீரலுக்கு ஆகாது. ஓவிலூவோ குழந்தையாக இருந்தபோதே காசநோய்க்காக வீட்டைவிட்டுத் தெற்கே மனிடோபா மருத்துவமனைக்குக் கொண்டுபோகப்பட்டவர்.

முதலில் அவரும் பறவை, விலங்குகளைச் செதுக்கினார். பிறகு பெண்ணுடலுக்கு வந்தார்: நிர்வாணமான பெண், குதியுயர்ந்த செருப்பணிந்த பெண், துக்கத்தில் குனிந்த பெண். மருத்துவமனைக்குக் கொண்டுபோகப்பட்ட அந்தச் சிறுமியையும் 1990களில் கல்லில் வடித்தார். வாழ்க்கை வரலாற்றை இவ்வளவு வெளிப்படையாகக் கல்லில் எழுதிய இனுவிட் சிற்பிகள் அரிது.

கேப் டோர்செட் வழக்கில் செட்னாவின் பெயர் தலீலாயு. அவளையும் ஓவிலூ பலமுறை செதுக்கியிருக்கிறார்.