செட்டிநாட்டுத் திருமணங்களின் நெடிய ஆயத்தம்

செட்டிநாட்டு நகரத்தார் குடும்பங்களில் திருமண ஏற்பாடு நாள் குறித்த பின் தொடங்கியதன்று. பெண் குழந்தை வளரும்போதே தாய் வெண்கலப் பானை, பித்தளைக் குடம், தூக்குவாளி எனச் சிறுகச் சிறுகச் சேர்த்து, வளவு எனப்படும் உள்முற்றத்தைச் சுற்றிய அறைகளில் பூட்டி வைப்பது வழக்கமாயிருந்தது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பர்மா, மலாயா, இலங்கை ஆகிய இடங்களில் வட்டித்தொழில் பெருகி, ஆடவர் ஆண்டுக்கணக்கில் வெளியூரில் தங்க நேர்ந்தபோது, இச்சேகரிப்பின் கணக்கும் காவலும் பெண்டிர் பொறுப்பிலேயே நடந்தன என்பதும், அவர்தம் நிர்வாகத் திறனுக்கு வரலாற்றில் உரிய இடம் இன்னும் தரப்படவில்லை என்பதும் கருதத்தக்கவை.

கொள்வினை கொடுப்பினையை இளையாத்தங்குடி, மாத்தூர், பிள்ளையார்பட்டி முதலிய 9 கோயில்களைச் சார்ந்த பிரிவுகள் வரையறுத்தன. ஒரே கோயிலைச் சார்ந்தோரைப் பங்காளிகளாகக் கருதி, பொதுவாக வேறு கோயிலாரிடமே சம்பந்தம் செய்தனர். இரு வீட்டாரும் தத்தம் கோயிலிலிருந்து மாலை பெற்ற பின்னரே மணம் முறைப்படி ஏற்கப்பட்டது. மணமான இணையர் 'புள்ளி' என்னும் தனி அலகாகப் பதிவு பெற்றுக் கோயிலுக்கு வரி செலுத்தத் தொடங்கினர். இருவீட்டாரின் உடன்பாடு இசைகுடிமானம் என்ற திருமண ஆவணமாக ஓலையில் எழுதப்பட்டது.

1942இல் ஜப்பானியப் படை பர்மாவைக் கைப்பற்றியதால் அங்கிருந்த சொத்துகள் கைவிட்டுப் போக, பல குடும்பங்களின் வளம் சரிந்தது. தலைமுறைகளாகச் சேர்த்த கலங்களுள் பல பிற்காலத்தில் காரைக்குடியின் பழம்பொருள் கடைகளுக்கு விற்பனைக்கு வந்தன.