ஹெபடைடிஸ் சி: மருந்து இருக்கு, பரிசோதனைக்குத்தான் ஆள் வரணும்

உங்கள் வயது இருபதுகளில் என்றால், பிறந்தவுடனே ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போட்டிருப்பார்கள். மலேசியாவில் 1989 முதல் குழந்தைகளுக்கு அது போடப்படுகிறது. ஆனால் ஹெபடைடிஸ் சி-க்குத் தடுப்பூசி கிடையாது. குணப்படுத்தும் மாத்திரை இருக்கிறது.

யார் கவனமாக இருக்கணும்?

இது ரத்தம் மூலம் பரவும் கிருமி. தானமாகப் பெறும் ரத்தத்தில் இதைச் சோதிப்பது இங்கே 1994-இல்தான் தொடங்கியது. அதற்கு முன் பிரசவத்திலோ விபத்திலோ ரத்தம் ஏற்றிக்கொண்ட உங்கள் பாட்டி, தாத்தா, பெரியம்மா எல்லாரும் சோதித்துக்கொள்வது நல்லது. சுத்தமில்லாத ஊசியில் பச்சை குத்தியவர்களும், ஊசியைப் பகிர்ந்து போதைப்பொருள் எடுத்தவர்களும் அப்படித்தான். ஒரே தட்டில் சாப்பிடுவதால் பரவாது.

"எனக்குத்தான் மஞ்சள் காமாலையே வரலையே?"

பலருக்கு வராது. எந்த அறிகுறியும் இல்லாமல் 20, 30 வருஷம் கல்லீரலை அரிக்கும். சுருக்கமோ புற்றுநோயோ வந்த பிறகே தெரியும். கீழாநெல்லிச் சாறு இந்தக் கிருமியை அழிக்காது.

மருந்து எப்படி மலிவானது?

சோஃபோஸ்புவிர் மாத்திரை 2013-இல் அமெரிக்காவில் வந்தபோது, 12 வாரச் சிகிச்சைக்கு 84,000 டாலர். 2017 செப்டம்பரில் மலேசிய அரசாங்கம் காப்புரிமைச் சட்டத்தின் கீழ், மலிவான மாற்று மருந்தைத் தருவித்துக்கொள்ள உரிமம் வழங்கியது. மறு வருஷமே அரசாங்க ஆஸ்பத்திரிகளில் இலவசச் சிகிச்சை தொடங்கியது. சோஃபோஸ்புவிரோடு ராவிடாஸ்விர் சேர்த்து மலேசியாவிலும் தாய்லாந்திலும் நடந்த ஆய்வில் 97 விழுக்காட்டினர் குணமானதாக 2018-இல் அறிவிக்கப்பட்டது. ராவிடாஸ்விர் 2021-இல் இங்கே பதிவானது.

அப்புறம் என்ன சிக்கல்?

நாட்டில் சுமார் 400,000 பேருக்கு இந்தக் கிருமி இருக்கலாம் என்று மதிப்பிடப்பட்டது. பெரும்பாலோருக்கு அது தெரியாது. 'போதைப்பித்தர் நோய்' என்ற பேச்சுக்குப் பயந்தும் பலர் சோதிப்பதில்லை.

நீங்கள் என்ன செய்யலாம்?

பீடோரில் இருந்தால் முதலில் அரசாங்க சுகாதார கிளினிக்கில் கேளுங்கள். அதற்காக ஈப்போ வரை போகத் தேவையில்லை. விரைவுப் பரிசோதனைக்கு விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் போதும். அதில் 'பாசிட்டிவ்' என்று வந்தாலே நோய் என்று அர்த்தமில்லை. தானாகக் குணமானவர்களுக்கும் அப்படி வரும். இரண்டாவது ரத்தப் பரிசோதனைதான் உறுதி செய்யும்.

பெரியவங்ககிட்ட ஒன்னே ஒன்னு கேளுங்க: "1994-க்கு முன்னாடி உங்களுக்கு ரத்தம் ஏத்தினாங்களா?" ஆமாம் என்றால், கிளினிக்குக்கு நீங்களே கூட்டிட்டுப் போங்க.